விசாவுக்கு முந்தைய ஒப்புதல்

வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்ற செய்தி ஒரு வீட்டிற்கு வந்தவுடன் உற்றார் உறவினர் கேட்கும் முதற்கேள்வி, ‘விசா வந்துவிட்டதா?’ என்பதே. அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ‘வேலை கொடுப்பவர் தம் நாட்டு அரசிடம் ஒப்புதல் பெற்றுவிட்டாரா?’ என்பதே அது. அயல்நாட்டவரைப் பணியில் அமர்த்த விரும்பும் நிறுவனம், பெரும்பாலான நாடுகளில், முதலில் தன் அரசின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். பணிபுரிவதற்கான விசாவும் வேலை அனுமதிச் சீட்டும் அதன் பிறகே வரும்.

இது வெறும் சட்ட நுணுக்கம் என்று தோன்றலாம். ஆனால் நகையை அடகு வைத்தும் நிலத்தை ஒத்திக்கு விட்டும் பயணச் செலவைத் திரட்டும் குடும்பங்களுக்கு, முதலும் வாழ்வும் இந்த ஒரு தாளையே சார்ந்திருக்கின்றன. நாட்டுக்கு நாடு விதிகள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். அனுமதியைக் கேட்பவர் முதலாளி. அதற்குரிய அரசுக் கட்டணத்தின் பெரும்பகுதியைச் சுமக்க வேண்டியவரும் முதலாளி. விதியை மீறினால் அரசுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. ஆகவே, ‘உங்களுக்காக அனுமதி வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடுங்கள்’ என்று ஒருவர் கேட்கும்போது, அந்தச் சொற்களிலேயே ஒரு முரண்பாடு இருக்கிறது. அதை அடையாளம் காண இந்த ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.

அரசு ஏன் குறுக்கே நிற்கிறது?

இத்தகைய அனுமதிக்குப் பின்னால் இரண்டு கவலைகள் உள்ளன. குறைந்த கூலிக்கு வெளியாரை அழைத்துவந்து உள்ளூர் மக்களின் வேலையையும் ஊதியத்தையும் முதலாளிகள் குலைத்துவிடுவார்களோ என்பது ஒன்று. மொழியும் சட்டமும் தெரியாத இடத்தில் வந்து சேர்ந்தவர் கடனிலும் மிரட்டலிலும் சிக்கிவிடுவாரோ என்பது மற்றொன்று.

இரண்டாவது கவலை தமிழர்களின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. மலாயாவின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள், தம்மை அழைத்துச் சென்ற கப்பல் கட்டணத்தையே கடனாகச் சுமந்து உழைத்தார்கள். 1907ஆம் ஆண்டு அங்கே தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்று சட்டத்தின் வழியே தோற்றுவிக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள் அனைவரும் அந்த நிதிக்குத் தீர்வை செலுத்த வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து வரும் தொழிலாளரின் பயணச் செலவு அதிலிருந்து வழங்கப்படும். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் எடுப்பது 1910இல் முடிவுக்கு வந்தது. ஆள் திரட்டச் சொந்த ஊருக்கு வரும் கங்காணி, தம் முதலாளியின் பெயர் குறித்த உரிமத்தோடு வர வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் இருந்தது. கங்காணி முறையின் கொடுமைகள் அதனால் நீங்கிவிடவில்லை. ஆயினும் ஆளை அழைப்பவரே செலவை ஏற்க வேண்டும், ஆள் திரட்டுபவர் கையில் அரசின் தாள் இருக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் நூறாண்டுகளுக்கு முன்பே எழுத்தில் வந்துவிட்டன.

சிங்கப்பூர்: ஒதுக்கீடும் தீர்வையும்

இன்றைய நிலையில் இந்த ஏற்பாட்டை மிகத் தெளிவாகக் காணக்கூடிய நாடு சிங்கப்பூர். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் ஆட்கள் செல்லும் நாடும் அதுவே. அங்கே வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தின்படி, செல்லுபடியாகும் வேலை அனுமதி இல்லாத ஒரு வெளிநாட்டவரை ஒரு நாள்கூட வேலைக்கு வைக்க இயலாது. விண்ணப்பத்தை மனிதவள அமைச்சிடம் சமர்ப்பிக்க வேண்டியவர் முதலாளி, அல்லது அவர் சார்பில் உரிமம் பெற்ற முகவர். தொழிலாளி தாமே விண்ணப்பித்துப் பெறக்கூடிய சீட்டு அன்று அது.

அந்த விண்ணப்பத்துக்கு முன்னால் நிற்கும் முதல் தடை ஒதுக்கீடு. ஒரு நிறுவனம் எத்தனை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்பது, அது குறிப்பிட்ட ஊதியத்துக்குக் குறையாமல் கொடுத்து வைத்திருக்கும் உள்ளூர் ஊழியரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கட்டுமானத் துறையில் முன்பு ஓர் உள்ளூர் ஊழியருக்கு ஏழு வெளிநாட்டவர் என்றிருந்த விகிதம், 2024 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு ஐவர் என்று குறைக்கப்பட்டது. உற்பத்தித் துறையில் மொத்த ஊழியரில் 60 விழுக்காடு வரையிலும், சேவைத் துறையில் 35 விழுக்காடு வரையிலும் வெளிநாட்டவர் இருக்கலாம். உள்ளூர் ஊழியர் சிலர் விலகினாலே நிறுவனத்தின் ஒதுக்கீடு சுருங்கிவிடும். ‘கம்பெனியில் இடம் இருக்கிறது’ என்று முகவர் சொல்வது உண்மையா என்பதை முகவரின் வாக்கு தீர்மானிப்பதில்லை. இந்தக் கணக்கே தீர்மானிக்கிறது.

இரண்டாவது, எந்தத் துறைக்கு எந்த நாட்டவர் என்ற வரையறை. இந்தியர்கள் கட்டுமானம், கடல்துறை, பதப்படுத்தும் ஆலைகள் ஆகியவற்றில் வேலை அனுமதி பெறலாம். சேவைத் துறையில் அவர்களுக்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. 2023 செப்டம்பரிலிருந்து, பட்டியலிடப்பட்ட சில வேலைகளுக்கு மட்டும் வாயில் திறக்கப்பட்டது. இந்திய உணவகச் சமையல்காரர் வேலை அவற்றுள் ஒன்று. அதற்கும் மாதம் 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையாத நிலையான சம்பளம் என்ற நிபந்தனை உண்டு. ஆகவே பட்டியலில் இல்லாத ஒரு கடை வேலைக்கோ அலுவலக உதவியாளர் வேலைக்கோ ‘பெர்மிட்’ ஏற்பாடு செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த வேலையே அனுமதிக்குரியதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தீர்வை. தொழிலாளர் வழக்கில் இதற்கு ‘லெவி’ என்று பெயர். ஒவ்வொரு வெளிநாட்டு ஊழியருக்கும் முதலாளி மாதந்தோறும் அரசுக்கு இதைச் செலுத்துகிறார். கட்டுமானத் துறையில் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் உயர்திறன் ஊழியருக்கு 500 வெள்ளியும், அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளியும் என 2024இல் இது வகுக்கப்பட்டது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் முன்னவருக்கு 6,000, பின்னவருக்கு 10,800. திறன் தேர்வு எழுதி மேல்நிலைக்கு உயர்ந்த ஒருவர், முதலாளிக்கு ஆண்டுக்கு 4,800 வெள்ளியை மிச்சப்படுத்தித் தருகிறார். சம்பள உயர்வு பற்றிப் பேசும்போது தம் கையில் இருக்கும் வலிமை இதுவென்பதைப் பல தொழிலாளர்கள் அறிவதில்லை. தீர்வையைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யச் சட்டத்தில் இடமில்லை.

நான்காவது, பிணை. மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதி ஊழியருக்கும் 5,000 வெள்ளிக்கான பிணை உத்தரவாதத்தை முதலாளி அரசுக்கு அளிக்க வேண்டும். வழக்கமாக ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ இந்த உத்தரவாதத்தை வழங்குகிறது. சம்பளம் கொடுக்கத் தவறினாலோ, வேலை முடிந்தபின் ஊழியரைத் திருப்பி அனுப்பத் தவறினாலோ இந்தத் தொகை பறிமுதலாகலாம். இதையும் தொழிலாளியிடம் வசூலிக்க முடியாது. 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கான மருத்துவக் காப்பீடும், தாயகம் திரும்பும் பயணச் செலவும் முதலாளியின் பொறுப்பே.

இவ்வளவு செலவையும் சுமந்து ஒருவரை அழைக்கும் நிறுவனத்துக்கு அவருடைய உழைப்பு உண்மையில் தேவைப்படுகிறது என்பது பொருள். அந்தத் தேவை இருக்கும்போது, வேலை கொடுத்ததற்காக அவரிடமிருந்தே பணம் பெறுவது எதற்கு? சிங்கப்பூர்ச் சட்டம் அதைக் குற்றமாகவே கருதுகிறது. வேலையில் சேர்ப்பதற்கோ அனுமதியைப் புதுப்பிப்பதற்கோ ஊழியரிடம் பணம் பெறும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். அங்குள்ள வேலைவாய்ப்பு முகவரும், ஒப்பந்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் ஊழியரிடம் கட்டணம் பெறக் கூடாது.

அந்தக் கடிதத்தைப் படிப்பது எப்படி?

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அமைச்சு வழங்குவது கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். ஊர்ப்பக்கம் ‘ஐபிஏ’ என்றே இதை அழைக்கிறார்கள். இதனை ஊழியருக்குப் புரியும் மொழியில் அவர் புறப்படுவதற்கு முன்பே அனுப்பிவைப்பது முதலாளியின் கடமை. பலர் இதை விமான நிலையத்தில் காட்ட வேண்டிய ஒரு தாள் என்றே எண்ணிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதுவே அவருடைய சம்பள ஆவணம்.

அதில் முதலாளியின் பெயர், வேலையின் வகை, அடிப்படை மாதச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியவை தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். இங்கே வாய்மொழியாகச் சொல்லப்பட்ட சம்பளமும் கடிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளமும் ஒன்றா என்பதைப் பார்க்க வேண்டும். மிகைநேர வேலைக்கான பணத்தையும் சேர்த்துச் சொல்லி, அதையே மாதச் சம்பளம் என்று நம்பவைப்பது வழக்கமான தந்திரம். கடிதத்தில் கண்ட சம்பளத்தைப் பின்னர் குறைக்க வேண்டுமானால், ஊழியரின் எழுத்துமூலமான இசைவும் அமைச்சுக்கு அறிவிப்பும் தேவை. கடிதம் உண்மையானதா என்பதை அமைச்சின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். வீட்டிலுள்ள பள்ளி மாணவர்கூடச் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய வேலை அது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அனுமதி ஒரு முதலாளிக்கும் ஒரு வேலை வகைக்கும் மட்டுமே உரியது. ‘பெர்மிட் ஒரு கம்பெனியில், வேலை இன்னொரு கம்பெனியில்’ என்ற ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டால், தவறு முதலாளியுடையதாக இருந்தாலும் வேலையையும் வருமானத்தையும் இழப்பவர் தொழிலாளியே.

மற்ற நாடுகளில்

அமெரிக்காவில் எச்-1பி விசாவுக்கு முன்னோடியாக, நிறுவனம் அந்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் ஒரு விண்ணப்பத்தைச் சான்றளிக்கச் செய்ய வேண்டும். ‘எல்சிஏ’ எனப்படும் அதில், அந்த ஊரில் அந்த வேலைக்கு வழங்கப்படும் நடப்பு ஊதியத்துக்குக் குறையாமல் தருவோம் என்று நிறுவனம் உறுதி கூறுகிறது. வேலையில் சேரும் நாளுக்குள் அதன் பிரதி ஊழியர் கைக்கு வர வேண்டும். நிறுவனத்திடம் வேலை இல்லாத நாட்களிலும், ஊழியரைக் காத்திருக்க வைத்ததற்கு ஊதியம் கொடுத்தாக வேண்டும். நிரந்தரக் குடியிருப்புக்காக நிறுவனம் பெறும் ‘பெர்ம்’ சான்றின் செலவையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது என்ற விதி 2007 முதல் நடைமுறையில் உள்ளது. 2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை, வெளிநாட்டிலிருந்து அழைக்கப்படுவோருக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கூடுதல் கட்டணம் விதித்தது. அச்சுமை விழுவதும் மனுச் செய்யும் நிறுவனத்தின் மீதே.

கனடாவில் பல வேலைகளுக்கு ‘எல்எம்ஐஏ’ எனும் தொழிற்சந்தை மதிப்பீடு தேவை. உள்ளூரில் விளம்பரம் செய்தும் தகுந்தவர் கிடைக்கவில்லை என்று முதலாளி நிறுவ வேண்டும். ஓர் இடத்துக்கு 1,000 கனடிய டாலர் கட்டணம். இதனை ஊழியரிடமிருந்து ஈடுகட்டத் தடை உண்டு. ஆயினும் இந்த ஒப்புதலையே விலைக்கு விற்கும் சந்தை ஒன்று உருவாயிற்று. வேலை வாய்ப்புக் கடிதம் வைத்திருந்தால் நிரந்தரக் குடியேற்றத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்பதே அதற்குக் காரணம். அந்தக் கூடுதல் மதிப்பெண்ணைக் கனடிய அரசு 2025 மார்ச் 25 முதல் நீக்கிவிட்டது. இலட்சக்கணக்கில் கொடுத்துக் கடிதம் வாங்கியவர்களிடம் இப்போது எஞ்சியிருப்பது கடன் மட்டுமே.

பிரிட்டனில் வெளிநாட்டவரை அமர்த்தும் நிறுவனம் முதலில் ‘ஸ்பான்சர்’ உரிமம் பெற வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை அரசு இணையத்தில் வெளியிடுகிறது. நிறுவனத்தின் உரிமம் பறிக்கப்பட்டால், ஊழியருக்குப் பொதுவாக 60 நாள் அவகாசமே கிடைக்கும். அதற்குள் வேறு ஸ்பான்சரைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையேல் நாடு திரும்ப வேண்டும். முதியோர் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22 முதல் நிறுத்தப்பட்டுள்ளது. இன்றும் அந்த வேலைக்கு முன்பணம் கேட்பவர் இருப்பின், அவரைப் பற்றி வேறு சான்று வேண்டியதில்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தில், அரசு முறைப்படியான வேலைக் கடிதத்தில் ஊழியர் கையெழுத்திட்ட பின்னரே பணி அனுமதி வழங்கப்படுகிறது. ஆள் சேர்ப்புச் செலவை ஊழியரிடம் வசூலிப்பதை 2021ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. சுற்றுலா விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம்.

சுற்றுலா விசா குறித்து ஒரு சொல் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘போய்ச் சேருங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஒருவர் சொன்னால், முதலாளியின் ஒப்புதல் இன்னும் இல்லை என்பதே அதன் பொருள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சுற்றுலா விசாவில் சென்ற இந்தியர்கள், அவர்களுள் தமிழர்களும் அடக்கம், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டதும், 2022இல் தொடங்கி அரசு அவர்களை மீட்டு வந்ததும் நாடறிந்தவை.

நம் நாட்டின் காவல்

இந்தியாவும் இதே கேள்வியைத் தன் பக்கத்திலிருந்து கேட்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் உள்ளிட்ட, ‘ஈசிஆர்’ கடவுச்சீட்டு வைத்திருப்போர் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் முன் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அப்பட்டியலில் உள்ளன. இதற்கான ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் வெளிநாட்டு முதலாளியின் விவரமும் ஒப்பந்தமும் பதிவாகின்றன. ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடும் இவர்களுக்குக் கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய் என்ற சிறு பிரீமியத்தில், விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்ச ரூபாய் வரை கிடைக்கும்.

சிங்கப்பூர் அந்த 18 நாடுகளுள் இல்லை. ஆகவே அங்கே செல்பவருக்கு இந்தச் சரிபார்ப்பு தானாக நிகழ்வதில்லை. தம் கவனமே தமக்குக் காவல்.

ஆள் சேர்க்கும் முகவர் யாராயினும் வெளியுறவு அமைச்சகத்தின் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் தொழிலாளியிடம் பெறக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். அதற்கு ரசீது தர வேண்டும். முகவரின் பதிவு நடப்பில் உள்ளதா என்பதை இ-மைக்ரேட் தளத்திலேயே பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கிவருகிறது. அதன் வழியாகவும் வாய்ப்புகளைத் தேடலாம்.

பணத்தைக் கொடுக்கும் முன்

நகைக்கடனுக்காகவோ தனிநபர் கடனுக்காகவோ வங்கிக்கு வருகிற ஒருவர், பணம் எதற்கு என்று சொல்லும்போது, ‘வெளிநாட்டுப் பயணம்’ என்று சொல்வதுண்டு. அந்தப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவது நலம்.

1. ஒப்புதல் கடிதம் யார் பெயரில் வந்திருக்கிறது? கடிதத்திலுள்ள முதலாளியும், வேலை கொடுப்பதாகச் சொல்லப்பட்டவரும் ஒருவரேயா? அரசு இணையதளத்தில் அதைச் சரிபார்த்தாயிற்றா?

2. அதில் எழுதப்பட்டிருக்கும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? பிடித்தம் போக மிஞ்சுவதில் வீட்டுக்கு அனுப்பக்கூடியது எவ்வளவு? வாங்கும் கடன் அந்தத் தொகையில் எத்தனை மாதங்களில் தீரும்? இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தால் பல கனவுகளின் நிறம் தெளிந்துவிடும்.

3. கேட்கப்படும் பணம் எதற்கு? முதலாளி செலுத்த வேண்டிய தீர்வையோ பிணையோ விண்ணப்பக் கட்டணமோ வேறு பெயரில் நம் தலையில் ஏற்றப்படுகிறதா?

கொடுக்க வேண்டிய நியாயமான கட்டணத்தையும் முகவர் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே வங்கி வழியாக அனுப்ப வேண்டும். ரொக்கமாகவோ தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கோ கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை. கணக்கு வழியே சென்ற பணத்துக்குத் தேதியும் தொகையும் பெறுநர் பெயரும் சாட்சியாக நிற்கும். புகார் கொடுக்கும் நாளில் அதுவே முதல் ஆவணம். ஒப்புதல் கடிதம், ஒப்பந்தம், ரசீது ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்வதும் அவசியம். வேலைக்காக வெளிநாடு சென்றபின் இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கு ஈட்டும் பணத்தை அனுப்ப என்ஆர்இ கணக்கைத் தொடங்கலாம். வெளிநாடு வாழ் இந்தியருக்கு அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை.

வெளிநாடு சென்று உழைத்து ஒரு குடும்பத்தைத் தலைநிமிரச் செய்தவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களின் உழைப்பு எந்த நாட்டுக்கும் இலவசமாகக் கிடைத்ததன்று. அதற்காக முதலாளிகள் ஒதுக்கீட்டுக்குக் காத்திருந்து, தீர்வை கட்டி, பிணை கொடுத்தே அவர்களை அழைத்துக்கொண்டார்கள். வேலை தேடிச் செல்பவர் கேட்க வேண்டியது யாருடைய தயவையும் அன்று. அந்த ஒப்புதல் கடிதத்தைத் தம் கண்ணால் பார்க்கும் உரிமையையே. கடிதம் முதலில் வரட்டும். பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.